மழைக்கும் ஏத்தத்துக்கும் ஒரு கெமரா பேக்

ஏப்ரல் நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான மெசேஜ் வரும். நுவரெலியாவில் ரூம் கிடைக்குமா என்று கேட்பது ஒன்று. "புதுசா கெமரா வாங்கியிருக்கேன், உங்க பக்கம் வரப்போறேன், எந்த பேக் நல்லது?" என்பது மற்றது. முதலாவதற்கு என்னிடம் பதில் கிடையாது. சீசனில் நுவரெலியா ரூமைப் பற்றிக் கடவுளிடம்தான் கேட்கவேண்டும். இரண்டாவதற்கு நான் திருப்பிச் சில கேள்வி கேட்பேன். எந்த மாசம் வாறீங்க? கோச்சியிலயா, வேன்லயா? வந்து எவ்வளவு தூரம் நடப்பீங்க? என்ன கெமரா என்று மட்டும் கேட்கமாட்டேன். அதைச் சொல்லத்தான் அவர்களுக்கு ஆசையாக இருக்கும் என்று தெரிந்தும்.

யூடியூபில் பேக்குக்கு விமர்சனம் சொல்கிறவர்கள் மேசைமேல் வைத்து ஸிப்பைத் திறந்து மூடிக் காட்டுகிறார்கள். உள்ளே எத்தனை லென்ஸ் அடுக்கலாம் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். மேசைமேல் எந்த பேக்கும் சுகமாகத்தான் இருக்கும். தேயிலை மலையில் படி ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும்.

எங்கள் பக்கம் கெமராவோடு வந்து சேர்ந்தவர்களில் பெரிய பெயர் ஜூலியா மார்கரெட் கெமரன். ஓ.எல். வரலாற்றில் 1833 கோல்புரூக் - கெமரன் சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அந்தக் கெமரனின் மனைவி. கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகள் வாங்கிக் கொடுத்த கெமராவில் தொடங்கி, டென்னிசன், டார்வின் என்று இங்கிலாந்தின் பெரிய தலைகளையெல்லாம் முகம் முகமாக எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். வரும்போது ஒரு பசுமாட்டையும் இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்களாம். சவப்பெட்டிக்குள் கண்ணாடி, பீங்கான் சாமான்களை அடுக்கியிருந்தார்களாம். பயணப் பெட்டி விஷயத்தில் அந்த அம்மாவை மிஞ்ச ஆளில்லை. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில்தான் கல்லறை இருக்கிறது. ஹட்டனில் இருந்து நோர்வூட் வழியாகப் போனால் பார்த்துவிட்டு வரலாம். கெமரா பிடிக்கிறவர்கள் இவ்வளவு தூரம் வந்து அங்கே போகாமல் எல்லவுக்கு ஓடுவது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.

அவருடைய பெரிய கெமராவுக்கு 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு வேண்டும். தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். இருட்டறை பக்கத்திலேயே இருந்தால்தான் வேலை நடக்கும். அதனால் அவர் ஆட்களைத் தேடி மலை ஏறவில்லை. ஆட்கள்தான் அவர் முன்னால் வந்து, சில நிமிடங்கள் அசையாமல் நின்றார்கள். இலங்கையில் அவர் எடுத்ததில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அதில் நிற்கிறவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. பெயர் எழுதி வைக்கப்படவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். கெமரா சின்னதாகிவிட்டது, நாம்தான் ஏறிப் போகிறோம். எவ்வளவு தூக்கலாம், எங்கே தூக்கலாம் என்பதை மட்டும் கெமராக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

சொல்லித் தரக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களைப் பாருங்கள். கூடையின் கயிறு உச்சந்தலையில், பாரம் முதுகில், இரண்டு கையும் சும்மா. பல தோட்டங்களில் கூடை போய்ப் பையும் சாக்கும் வந்துவிட்டன, ஆனால் தூக்குகிற முறை மாறவில்லை. ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய 'நோர்ம்' 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு நடைக்கு வருகிற பாரத்தைத் தோளில் ஒருபக்கமாகத் தொங்கவிட்டு யாராலும் மேட்டில் நிற்க முடியாது. தலையில் இருந்து இறங்குகிற கயிறு பாரத்தை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறக்குகிறது. அதற்காக நீங்களும் தலையில் கயிறு மாட்டுங்கள் என்று சொல்லவில்லை. சின்ன வயதில் இருந்து பழகாத கழுத்துக்கு அது ஆபத்து. பழகிய கழுத்துக்கும் அது சுகம் இல்லை, வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த இரண்டு விதியை எடுத்துக்கொள்ளலாம்: பாரம் நடுக்கோட்டில் இறங்கவேண்டும், கை சும்மா இருக்கவேண்டும்.

நோர்வூட் பக்கம் ஒரு மலையில் ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, நிரையில் நின்ற ஒரு அக்கா என் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதுக்குள்ள என்னாங்க தம்பி, கல்லா?"

"லென்ஸ்ங்க அக்கா. மூணு இருக்கு."

"மூணையும் ஒரே நேரத்துல மாட்டுவீங்களா?"

பக்கத்து நிரையில் சிரிப்பு. பிறகு அவர் சொன்னார்: "எங்களுக்கு நெறஞ்சா மடுவத்துல போய் நிறுத்துக் கொட்டிருவோம். நீங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எறக்கவே மாட்டீங்க போல."

பேக்கைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை. கொழுந்துப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மடுவத்தில் இறங்கும், மறுபடி ஏறும். கெமரா பேக்கின் பாரம் காலை ஆறுமணிக்கு எவ்வளவோ அதேதான் மாலை ஆறுமணிக்கும். எனவே கடையில் "தூக்க முடிகிறதா" என்று பார்ப்பது போதாது. ஒருநாள் முழுக்க இறக்காமல் இருக்க முடியுமா என்று பார்க்கவேண்டும்.

கணக்குப் போடுவோம். இன்றைய மிரர்லெஸ் கெமரா உடல் ஒன்று அரைக் கிலோவில் இருந்து முக்கால் கிலோ வரை. 24-105 வகை லென்ஸ் கிட்டத்தட்ட 700 கிராம். 70-200 f/2.8 வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அதுமட்டும் ஒரு கிலோவுக்கு மேல். இதில் பலர் கவனிக்காதது பேக்கின் சொந்த எடை. தடிப்பான பஞ்சு, நிறைய அறைகள், அழகான பக்கிள் எல்லாம் வைத்த 20 லீற்றர் பேக் வெறுமையாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். கெமராவைவிட அதைப் பாதுகாக்கிற பஞ்சு கனமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணிப் போத்தல், ரொட்டிப் பார்சல், ரெயின்கோட், ஸ்வெட்டர் சேர்த்தால் ஆறேழு கிலோ சுலபமாக வந்துவிடும்.

மூன்று கிலோவுக்கு மேல் போனால் இடுப்பு பெல்ட் இல்லாத பேக்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பெல்ட் என்றால் நாடா மாதிரி மெலிசாகத் தொங்குவது இல்லை, பஞ்சு வைத்த அகலமான பெல்ட். அது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரவேண்டும். அப்போது பாரத்தின் பெரும்பகுதி காலுக்குப் போய்விடும், தோளுக்கு மிஞ்சுவது பேக் பின்னால் சாயாமல் பிடிக்கிற வேலை மட்டும். இங்கேதான் நம் உடம்புக்கு ஒரு பிரச்சினை வருகிறது. பெரும்பாலான கெமரா பேக்குகளின் முதுகு நீளத்தை மாற்ற முடியாது, அதுவும் உயரமான ஆண்களை மனதில் வைத்துத் தைத்தது. ஐந்தடி உயரப் பெண் போட்டால் பெல்ட் இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கிவிடும், ஒவ்வொரு படிக்கும் தொடையில் இடிக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியைப் பார்க்காதீர்கள். ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வையுங்கள். பெல்ட் எங்கே நிற்கிறது என்று உடனே தெரியும்.

கனமான லென்ஸை முதுகோடு ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். முதுகில் இருந்து தள்ளிப்போகப் போக அது உங்களைப் பின்னால் இழுக்கும். ஏத்தத்தில் அதைச் சமாளிக்கலாம், ஈரப் படியில் இறங்கும்போதுதான் முழங்கால் அதற்கு விலை கொடுக்கும்.

இனி மழை. மலையகம் முழுக்க ஒரே மழை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம்தான் முதலில் முட்டும். வட்டவளை வட்டாரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை. மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போனால் அதே ஜூலையில் வெயிலும் காற்றும். ஒக்டோபர், நவம்பரில் காலையில் பளிச்சென்று இருந்து, மதியத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். ஆகவே ஜூலையில் ஹட்டனுக்கு வருகிறவருக்கும் பெப்ரவரியில் நுவரெலியாவுக்கு வருகிறவருக்கும் ஒரே பேக்கை நான் சொல்லமாட்டேன்.

மழை பேக்கின் மேலிருந்து வருவது உங்களுக்குத் தெரியும். தேயிலை மலையில் அது பக்கவாட்டிலிருந்தும் வரும். வெட்டிப் பராமரிக்கிற தேயிலைச் செடி இடுப்பு உயரம். காலையில் பனித்தண்ணியும் மழைத்தண்ணியும் அதன்மேல் நிற்கும். நிரைக்குள் நடந்தால் வானம் காய்ந்திருந்தாலும் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்துவிடும். நம் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவது இதற்குத்தான். இடுப்புப் பக்கத்தில் தொங்குகிற ஷோல்டர் பேக் சரியாக அந்த ஈர உயரத்தில்தான் ஆடிக்கொண்டு வரும். முதுகுப் பேக் செடிக்கு மேலே தப்பிவிடும். பக்கத்தில் வலைப் பொக்கெட் வைத்த பேக்கும் இங்கே நீண்டநாள் வாழாது. கவ்வாத்து வெட்டிய கிளை முனை அதைப் பிடித்து இழுத்துவிடும். ட்ரைபொட்டைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனால் பத்தடிக்கு ஒருமுறை செடியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்தது, பேக் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. முன்பக்கம் திறக்கிற பேக்கைத் திறக்க, முதுகுப்பக்கத்தைச் சேற்றில் கிடத்தவேண்டும். பிறகு அந்தச் சேற்றை அப்படியே உங்கள் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அட்டை இருக்கிற இடமென்றால் சேறு மட்டும் இல்லை. முதுகுப்பக்கம் திறக்கிற பேக் இங்கே ரொம்ப உதவி. தோள்ப் பட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பு பெல்ட்டைக் கழற்றாமல் முன்னால் சுழற்றினால் அதுவே ஒரு தட்டு மாதிரி நிற்கும். நின்றபடியே லென்ஸ் மாற்றலாம், தரையில் வைக்கவே வேண்டாம். ஒரே ஒரு வசதியைக் கேட்டுப் பேக் வாங்கு என்று சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

'வோட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருப்பதை நம்பி ஹட்டன் மழைக்குள் இறங்காதீர்கள். துணி தாங்கும், தையலும் ஸிப்பும் தாங்காது. கூட வருகிற ரெயின் கவர் நல்லதுதான். ஆனால் அது முதுகுப்பக்கத்தை மூடாது, உங்கள் முதுகில் வழிகிற தண்ணி பட்டை வழியாக உள்ளே இறங்கும். காற்றடித்தால் கவரே பறக்கும். நான் நம்புவது உள்ளே போடுகிற, வாய்ப்பக்கம் சுருட்டி மூடுகிற தண்ணீர் புகாத பை ஒன்றைத்தான். பொலித்தீன் பை போதாதா என்று கேட்பீர்கள். ஹட்டனில் போதும். ஹோட்டன் சமவெளியில் போதாது. அங்கே நுழைவாயிலில் பேக்கைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அது நல்ல விதி. பைக்குள் சாப்பாடு தேடிக் கிட்டே வருகிற மரைகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

ஹோட்டன் சமவெளி என்றதும் சொல்லவேண்டியது இன்னொன்று. அங்கே உலக முடிவு என்கிற மலைவிளிம்பில் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் முகில் ஏறி எல்லாம் வெள்ளையாகிவிடும். கடல்மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேல், சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கும் கொஞ்சம் கூட. விடியற்காலையில் கதவு திறந்தவுடன் வேகமாக நடந்து போய்ச் சேரவேண்டும். பெரிய பேக்கோடு வருகிறவர்கள் வெள்ளைச் சுவரைத்தான் படம் எடுக்கிறார்கள்.

சிவனொளிபாதமலை வேறு விதம். மார்கழிப் போயாவில் இருந்து வெசாக் போயா வரை சீசன். நல்லதண்ணியில் இருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான படி ஏறி, 2,243 மீற்றர் உயரத்தில் விடியலுக்குக் காத்திருக்கவேண்டும். கூட்ட நாட்களில் படியில் மனிதர்கள் ஒட்டி நிற்பார்கள். பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிற பேக் அடுத்தவர் முகத்தில் இடிக்கும். சூரியனுக்கு எல்லாரும் கிழக்கே கெமராவைத் தூக்குவார்கள், அதே நேரத்தில் மேற்கே மலையின் முக்கோண நிழல் மூட்டத்தின்மேல் விழுந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அகல லென்ஸ் போதும். ஒரு கெமரா, ஒரு லென்ஸ், மேலதிக பெட்டரி, தலையில் மாட்டுகிற லைட், ஸ்வெட்டர். பத்துப் பன்னிரண்டு லீற்றர் மெலிசான பேக்குக்குள் அடங்கிவிடும். பெட்டரியைச் சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.

கோச்சியில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன ஸ்லிங் பேக். உடரட்ட மெனிக்கேயிலோ பொடி மெனிக்கேயிலோ மூன்றாம் வகுப்பில் நிற்க இடம் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். முதுகுப் பேக்கை மார்பில் மாட்டிக்கொண்டால் கெமரா அதற்குள், கை அதற்கு வெளியே, இரண்டும் சந்திக்காது. சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டிக் கொட்டகலை, அப்புறம் சென். கிளேயர் நீர்வீழ்ச்சி என்று காட்சி சரசரவென்று வந்துகொண்டே இருக்கும். ஒரு உடல், ஒரு லென்ஸ், ஆறேழு லீற்றர், மார்புக்குக் குறுக்கே. மேல்தட்டில் துணிப் பை இருக்கட்டும். கதவில் தொங்கிக்கொண்டு படமெடுக்கிற விளையாட்டு வேண்டாம்.

பேக் தேரும்போது நான் பார்க்கிற இன்னொரு விஷயமும் உண்டு. கறுப்பு நிறத்தில், பெரிய கம்பனிப் பெயரோடு, பக்கத்தில் ட்ரைபொட் நீட்டிக்கொண்டிருக்கிற பேக் லயத்துக்குள் நுழைந்தால், ஆளுக்கு முன்னால் அது பேசிவிடும். பிள்ளைகள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிடுவார்கள், பெரியவர்கள் உள்ளே போய்விடுவார்கள். கூடையோடு சிரிக்கிற கொழுந்துப் பெண்ணின் படம் இந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தபாலட்டையில் விற்ற சரக்கு. தலவாக்கலை ரோட்டோரம் பஸ் நிறுத்தி அதே படத்தை இன்றும் எடுக்கிறார்கள். சாதாரண ஸ்கூல் பேக் மாதிரி இருக்கிற ஒன்றை மாட்டிக்கொண்டு போய், வணக்கம் சொல்லி, ஒரு பிளேன்டீ குடித்து, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஸிப்பைத் திறப்பது எனக்குச் சரியாக வருகிறது. வேண்டாம் என்றால் ஸிப் திறக்காமலே திரும்பிவிடலாம். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடமும் கேட்கவேண்டும், பல தொழிற்சாலைகளில் உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள்.

அப்படிப் பார்வைக்கு எளிமையான பேக் என்றதும் பலர் கென்வஸ் பேக்கைக் காட்டுவார்கள். அதற்கு நல்ல வரலாறு உண்டு. பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கி எழுபதுகளின் நடுவில் தன் வேலைக்காகத் தைத்துக்கொண்டதுதான் டொம்கி பேக். இங்கிலாந்தின் பில்லிங்ஹம் முதலில் மீன்பிடிக்காரர்களுக்குப் பை தைத்த கம்பனி. லோப்ரோவைத் தொடங்கிய கிரெக் லோவ் மலையேறி. மூன்று பேக்கும் யாருக்காக, எந்த வானிலைக்காகப் பிறந்தன என்பது இன்றும் அவற்றில் தெரிகிறது. சாதாரண கென்வஸ் ஹட்டன் ஜூலையில் நனைந்தால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். நைலோனே இங்கே நல்லது.

பழைய பேக் வாங்குவதிலும் தப்பில்லை, ஒன்றைமட்டும் பாருங்கள். உள்பக்கத் துணியில் தண்ணி புகாமல் இருக்கப் பூசியிருக்கிற பொலியூரதேன் படலம் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தால் சிதைந்துவிடும். விரலை வைத்தால் பிசுபிசுக்கும், தோல் மாதிரி உரியும், ஒரு புளித்த வாடை அடிக்கும். வெளியே புதுசு போல இருந்தாலும் மழைக்கு அது முடிந்துபோன பேக்.

வீடு திரும்பியதும் கெமராவைப் பேக்குக்குள்ளேயே வைத்து மூடிவிடாதீர்கள். குளிரில் இருந்து சூடான அறைக்கு வந்தால் முதலில் ஸிப் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் வியர்த்துவிடும். அறையின் சூட்டுக்கு வந்தபிறகு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேக்கின் பஞ்சு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், லென்ஸுக்குள் பூஞ்சணம் ஏறுவது அதனால்தான். பேக்கை வாய் திறந்தபடி காற்றில் தொங்கவிடுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம். லென்ஸை இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.